போக நினைத்த ஊரும் போய்ச் சேர்ந்த ஊரும்

கசுங்கு, மலாவி
7 ஜனவரி 2024

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

வணக்கம். இங்கு நான் நலமாக இருக்கிறேன். அப்பாவின் கடிதம் வந்தபோது நான் ஊரில் இல்லை. பக்கத்து வீட்டு கோகோ (பாட்டியை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள்) அதை வாங்கித் தம் மாவுப் பானைக்குள் பத்திரப்படுத்தியிருந்தார். நான் திரும்பிய அன்று இரவே, உறை முழுவதும் மக்காச்சோள மாவு அப்பியிருக்க, கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நான் படித்து முடிக்கும்வரை திண்ணையிலேயே உட்கார்ந்து, "அம்மா நலமா, பாட்டி நலமா, மாடு கன்று போட்டதா" என்று ஒவ்வொன்றாக விசாரித்த பிறகுதான் எழுந்து போனார். இவ்வளவு நாள் எழுதாமல் இருந்தேனே என்று மனம் உறுத்தியது. தொலைபேசியில் பேசினால் அப்பாயிக்குக் காதில் விழுவதில்லை. ஆகையால் விரிவாக எழுதுகிறேன், தம்பி வாசித்துக் காட்டட்டும்.

டிசம்பரில் பள்ளி மூடியதும் வளாகம் வெறிச்சோடிவிட்டது. மலாவி ஏரிக்கரையில் நக்காட்டா பே என்னும் ஊரில் கிறிஸ்துமஸைக் கழிக்கலாம் என்று கென்யத் தோழியும் நேபாளத்து அண்ணனும் அழைத்தபோது உடனே சம்மதித்தேன். இயற்பியல் ஆசிரியையும் சேர்ந்துகொண்டார். சென்ற முறை அனுப்பிய படத்தில் என் இடப்பக்கம் நிற்பவர் அவர்தான்.

இந்நாட்டில் சிற்றுந்துக்குப் புறப்படும் நேரம் என்று ஒன்று கிடையாது. இருக்கை நிரம்பினால் புறப்படும். முசூசு நகரம் வரை அப்படித்தான் போனோம். அங்கே எரிபொருள் தட்டுப்பாடு. பெட்ரோல் பங்குகளில் வண்டிகளும், மஞ்சள் கேன்களை வைத்துக்கொண்டு மனிதர்களும் கண்ணுக்கெட்டிய தூரம் வரிசையில் நின்றார்கள். நக்காட்டா பேக்கு வண்டி எப்போது கிளம்பும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மாலை சாயும் நேரத்தில், சித்திம்பாவுக்கு மாவு மூட்டை ஏற்றிச் செல்லும் ஒரு மட்டோலா கிடைத்தது. சரக்கோடு ஆட்களையும் ஏற்றிச் செல்லும் திறந்த வண்டியை இங்கே அப்படிச் சொல்வார்கள். சித்திம்பாவில் இயற்பியல் ஆசிரியையின் அக்கா இருக்கிறார். "கிறிஸ்துமஸுக்கு ஏரிதானே வேண்டும், அங்கேயும் அதே ஏரிதான்" என்று அவர் சொன்னார். நாங்கள் மூட்டைகளின்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டோம்.

அம்மா பயப்பட வேண்டாம். எங்களோடு கைக்குழந்தைக்காரிகள் இருவரும், கால் கட்டிய கோழிகளோடு ஒரு பெரியவரும் இருந்தார்கள். வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஓட்டுநர் ஒரு பெரிய தார்ப்பாயை எடுத்து வீச, எல்லோரும் ஆளுக்கொரு ஓரத்தைப் பிடித்துத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டோம். மாவு நனையக் கூடாது, குழந்தைகள் நனையக் கூடாது என்பதில்தான் எல்லோருக்கும் கவனம். என் கை மரத்துப்போனபோது பெரியவர் ஒன்றும் சொல்லாமல் என் பக்கத்து ஓரத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். இருட்டியபின் மலையிறக்கத்தில் போக வேண்டாம் என்று ஓட்டுநர் வழியிலேயே ஒரு ஊரில் நிறுத்திவிட்டார். அங்குள்ள பள்ளி அறையில் படுத்துக் காலையில் கிளம்பினோம்.

சித்திம்பாவில் அக்கா வீட்டுச் சாப்பாட்டை அப்பாயிக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். முதலில் ஒரு சிறுமி குவளையும் தட்டமும் கொண்டுவந்து, ஒவ்வொருவர் முன்னும் மண்டியிட்டுக் கையில் நீர் வார்த்தாள். மரவள்ளி மாவில் கிளறிய களியும், வேர்க்கடலை பொடித்துப் போட்ட மரவள்ளிக் கீரையும், உசிப்பா என்னும் பொடிமீன் குழம்பும் வைத்தார்கள். கரையில் கழியால் பந்தல் போட்டு அந்த மீனைக் காயவைக்கிறார்கள். பார்வைக்கும் வாசத்துக்கும் நம் மல்லிப்பட்டினத்து நெத்திலிக் கருவாடேதான். நான் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டதில் அந்த வீட்டுக்கே மகிழ்ச்சி.

அங்கிருந்து லிவிங்ஸ்டோனியாவுக்கு ஏறினோம். ஏரி மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கும் மேலான உயரம். இருபது கொண்டையூசி வளைவுகள் கொண்ட மண்பாதை மழையில் குழைந்திருந்ததால் எந்த வண்டியும் வர மறுத்துவிட்டது, நடந்தே போனோம். ஸ்காட்லாந்து மிஷனரிகள் 1875-இல் ஏரியின் தென்முனையிலும், 1881-இல் பண்டாவே என்னும் கரையோர ஊரிலும் குடியேறி, காய்ச்சலில் பலரைப் பறிகொடுத்த பிறகு, ராபர்ட் லாஸ் என்னும் மருத்துவர் 1894-இல் கண்டுபிடித்த மேட்டு நிலம் இது. ஸ்காட்லாந்து மிஷனரியும் நாடுகாண் பயணியுமான டேவிட் லிவிங்ஸ்டன் 1873-இலேயே இறந்துவிட்டார். அவர் கால் படாத ஊருக்கு அவர் பெயர். தேவாலயத்தின் வண்ணக் கண்ணாடிச் சன்னலில் மட்டும் ஏரிக்கரையில் நிற்கிறார். பாதையோரத்து மஞ்சேவே அருவிக்குப் பின்னால் குகைகள் உண்டு. அடிமை பிடிப்பவர்கள் வந்தபோது ஊர்மக்கள் அங்கேதான் பிள்ளைகுட்டிகளோடு ஒளிந்திருந்தார்களாம். அந்த இரைச்சலுக்குப் பின்னால் அழும் குழந்தையை எப்படி அமர்த்தினார்கள் என்பதே எனக்கு நினைவாக இருந்தது.

மேலே நல்ல குளிர். கிறிஸ்துமஸ் அன்று விடியுமுன், இருட்டிலேயே, பெண்கள் கூட்டமாகப் பாடிக்கொண்டு எங்கள் விடுதி வழியே தேவாலயத்துக்குப் போனார்கள். அரைத்தூக்கத்தில் இருந்த எனக்கு நம் பெருமாள் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை போட்டுவிட்டார்கள் என்றே தோன்றியது. வாசலில் அம்மா தண்ணீர் தெளிக்கும் சத்தத்துக்காகக் காத்துக் கிடந்தேன். மார்கழி அங்கே நடந்துகொண்டிருக்கிறது, பூசணிப்பூவை யார் பறித்துக் கொடுக்கிறார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது என்று நினைத்ததும் அழுகையை அடக்க முடியவில்லை. கென்யத் தோழி எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

பணத்தைப் பற்றி அப்பா கேட்டிருந்தார். நவம்பரில் இந்நாட்டு நாணயமான குவாச்சாவின் மதிப்பைக் குறைத்துவிட்டார்கள். டாலர் 1,180-இலிருந்து 1,700 ஆகிவிட்டது. என் உதவித்தொகை குவாச்சாவில் வந்தாலும் எனக்கு அது தாராளமாகப் போதும். தேநீரில் சர்க்கரையை விட்டுவிட்டேன், உடம்புக்கும் நல்லது. இம்மாதம் அனுப்புவது மட்டும் சற்றுத் தள்ளிப்போகும். அம்மாவின் நகைக்கடனுக்கு மாசியில் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைத்துவிடுங்கள்.

தோப்புப் பாகப்பிரிவினைதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. சித்தப்பா தை மாதத்திலேயே பத்திரம் முடிக்க வேண்டும் என்று அவசரப்படுத்தினாலும், நில அளவையர் வந்து அளந்து கல் ஊன்றாமல் கையெழுத்துப் போடாதீர்கள். கிழக்குப் பாதியை நமக்கும், ஆழ்துளைக் கிணறு இருக்கும் மேற்குப் பாதியைத் தமக்கும் என்கிறார். 2018-இல் கஜா புயல் மரங்களையெல்லாம் சாய்த்தபின் அப்பா குடம் சுமந்து வளர்த்த கன்றுகள் கிழக்கே இருப்பது உண்மைதான். ஆனால் தண்ணீர் இல்லாமல் அவற்றை வைத்து என்ன செய்வது? இலவச மின் இணைப்பும் இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கிறது. கிணறும் மோட்டாரும் இருவருக்கும் பொது, முறைவைத்து இறைத்துக்கொள்வது என்று பத்திரத்திலேயே எழுத வேண்டும், வாய்ப்பேச்சு போதாது. அத்தைக்கும் பங்கு உண்டு, அவரைக் கேட்காமல் எதுவும் செய்ய வேண்டாம். வில்லங்கச் சான்றும் கூட்டுப் பட்டா நகலும் எடுத்து, புலப்படத்தோடு சேர்த்துப் படம்பிடித்து எனக்கு அனுப்பும்படி தம்பியிடம் சொல்லுங்கள். பார்த்த பிறகு சித்தப்பாவிடம் நானே பேசுகிறேன். அப்பா அதுவரை அவரோடு வாக்குவாதம் செய்ய வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகள்
பெரியவள்