ஆசா ராஜாவும் நம் மண்டபக் கணக்கும்: சபை மூப்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

சுங்கை சிப்புட், மலேசியா

மதிப்பிற்குரிய மூப்பர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் கர்த்தருடைய நாமத்தில் வாழ்த்துகள்.

நம் சபை மண்டபக் கூரைக்கென்று சபையார் கொடுத்த காணிக்கையில் ஒரு பகுதி, உள்ளூர் அரசியல் பிரமுகர் ஒருவருக்கு விருந்து வைக்கச் செலவானதையும், ஆண்டுக்கூட்டத்தில் எழுந்து அதற்குக் கணக்குக் கேட்ட ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை அடுத்த வாரமே பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டதையும் சபை முழுவதும் அறியும். வேதாகமத்தில் வரும், யூதா நாட்டை 41 ஆண்டுகள் ஆண்ட ஆசா ராஜாவின் சரித்திரத்தை இந்த நேரத்தில் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

ஆசா பொல்லாத ராஜா அல்லன். விக்கிரகம் வைத்திருந்ததற்காகத் தன் குடும்பத்து மூத்தவளான மாகாளையே ராஜாத்தி ஸ்தானத்திலிருந்து விலக்கி, அந்த விக்கிரகத்தைக் கீதரோன் ஆற்றண்டையில் சுட்டெரித்தவன். எத்தியோப்பியனாகிய சேரா 10 லட்சம் பேரோடும் 300 இரதங்களோடும் வந்தபோது, "பலமுள்ளவனுக்காகிலும் பலனற்றவனுக்காகிலும் உதவிசெய்கிறது உமக்கு லேசான காரியம்" என்று ஜெபித்து வெற்றி கண்டான். உங்களுக்கும் அப்படி ஒரு காலம் இருந்தது. தோட்டத்தில் விடியற்காலை ஆள்கணக்கெடுக்கும் பிரட்டுக்கு முன் எழுந்து, பகலெல்லாம் ரப்பர் பால்மரம் சீவி, இரவில் லயத்து வீட்டு மண்ணெண்ணெய் விளக்கடியில், பால்கறை போகாத விரல்களால் வேதாகமத்தைப் புரட்டி இந்தச் சபையை எழுப்பியவர்கள் நீங்கள். அரசியல்வாதி எவர் வீட்டு வாசலிலும் அன்று நீங்கள் போய் நிற்கவில்லை.

அதே ஆசா, தன் ஆட்சியின் 36ஆம் ஆண்டில், இஸ்ரவேலின் ராஜாவாகிய பாஷா ராமா என்னும் ஊரைக் கட்டி வழியை அடைத்தபோது, கர்த்தருடைய ஆலயத்துப் பொக்கிஷத்திலிருந்தே வெள்ளியும் பொன்னும் எடுத்துத் தமஸ்குவிலிருந்த சீரியா ராஜாவாகிய பெனாதாத்துக்கு அனுப்பி உதவி கேட்டான். அந்தத் திட்டம் பலித்தது என்பதைத்தான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். பெனாதாத் இஸ்ரவேலின் பட்டணங்களைத் தாக்கவே, பாஷா ராமாவைக் கட்டும் வேலையை விட்டுவிட்டான். ராமாவின் கற்களையும் மரங்களையும் கொண்டு ஆசா கேபாவையும் மிஸ்பாவையும் கட்டினான். அப்படியிருந்தும் ஞானதிருஷ்டிக்காரனாகிய அனானி வந்து, நீர் கர்த்தரைச் சார்ந்துகொள்ளவில்லை என்று கடிந்துகொண்டான். அந்த விருந்துக்குப் பின் நம் மண்டபத்துக்கும் மானியம் கிடைத்தது, கூரையும் ஏறிவிட்டது. "வேலை முடிந்ததே, இனி என்ன கேள்வி?" என்று நீங்கள் சொல்வது ஆசாவும் சொல்லியிருக்கக்கூடிய பதில்தான்.

பணத்தைக் காட்டிலும் என்னை வருத்துவது அதன்பின் நடந்தது. அனானியின்மேல் கோபங்கொண்டு ஆசா அவனைக் காவலறையில் வைத்தான். ஜனங்களில் சிலரையும் கொடுமையாக நடத்தினான். மூன்று ஆண்டுகள் கழித்துக் கால்களில் கடும் நோய் வந்தபோதும் அவன் கர்த்தரைத் தேடவில்லை. (வைத்தியரிடம் போனதே குற்றம் என்று இந்த இடத்தைக் காட்டி நோயாளிகளைச் சிலர் பயமுறுத்துவது தவறு, கர்த்தரை விட்டுவிட்டு வைத்தியரை மட்டும் தேடினான் என்பதே வேதம் சொல்லும் குறை.) கடிந்துரைத்தவனை அடைத்தவன், பிறகு கர்த்தரிடமும் திரும்பவில்லை. கேள்வி கேட்டவர் நம் பிள்ளைகளுக்கு வசனம் சொல்லிக்கொடுத்தவர் என்பதால், இந்தப் பகுதியை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

ஆகவே, அந்த ஆசிரியையை நேரில் அழைத்துப் பேசி, அவர் விரும்பினால் அவருடைய வகுப்பை மீண்டும் அவரிடமே ஒப்படைக்கவும், மண்டபக் காணிக்கையின் வரவு செலவை விருந்துச் செலவு உட்பட ஞாயிறு ஆராதனை அறிவிப்பு வேளையில் சபையார் முன் வாசிக்கவும் உங்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். வாசிக்கும் நாளை முன்கூட்டியே அறிவித்தால், தோட்டங்களிலிருந்து வரும் முதியவர்களும் வந்து கேட்க வசதியாக இருக்கும்.

கிறிஸ்துவின் அன்பில்,
சபை அங்கத்தினர் ஒருவர்