இலை ப்ரூச்சைத் தேய்த்துக் கெடுத்தது குறித்துப் புகார்

பெறுநர்: மேலாளர், நகை பழுதுபார்ப்புப் பிரிவு, லண்டன்

ஐயா,

வணக்கம். நகை வடிவமைப்பாளர் ஆண்ட்ரூ கிரீமா 1960களில் செய்த தங்க இலை ப்ரூச்சை உங்களிடம் கொடுத்திருந்தேன். பின்பக்க ஊசியின் கொக்கி தளர்ந்திருந்தது. அதை இறுக்கித் தர வேண்டும், அவ்வளவுதான் வேலை. ரசீதிலும் அதுதான் எழுதியிருக்கிறது. திரும்பி வந்ததில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம், அப்படிப் பளபளக்கிறது.

பளபளப்பு யார் கேட்டது? நிஜ இலையை அச்செடுத்து 18 காரட் தங்கத்தில் வார்த்த நகை அது. நரம்புகளும் ஓரத்துச் சுருக்கமும் விரலுக்குத் தட்டுப்படும். வைரம் நடு நரம்பில் மட்டும், பொடிப்பொடியாக. மரப்பட்டையைக்கூட விடாமல் தங்கத்தில் வார்த்தவரின் வேலைக்கு அந்தச் சொரசொரப்புதானே மதிப்பு! அந்தக் கால நவீன நகைகளில் நிபுணர்கள் என்று வாசலில் எழுதி வைத்திருக்கும் உங்களுக்கா இது தெரியாது? 1966இல் இளவரசர் பிலிப் ராணி எலிசபெத்துக்குக் கொடுத்த மாணிக்க ப்ரூச்சும் கிரீமா செய்ததுதான். அது வந்திருந்தால் அதையும் மெஷினில் கொடுத்துத் தேய்த்திருப்பீர்களா?

கடையில் கேட்டால் பட்டறையைக் கேளுங்கள் என்கிறார்கள். பட்டறைக்கு எழுதினால் வாடிக்கையாளர் சேவை. அங்கே போன் செய்தால் மறுபடியும் கடை. கவுன்ட்டரில் இருந்தவர் போனிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "பாலிஷுக்குத் தனியா காசு வாங்கலையே மேடம், அப்புறம் என்ன?" என்றார். பழையது புதுசாகிவிட்டது, சந்தோஷப்படுங்கள் என்று ஒரு உபதேசம் வேறு. அவர் பெயரைக் கேட்டேன், சொல்லவில்லை.

சொல்ல மறந்துவிட்டேன், பின்னாலிருந்த லண்டன் தர முத்திரையும் போச்சு. லண்டனில் சோதித்ததைக் காட்டும் சிறுத்தைத் தலை பாதிதான் தெரிகிறது, எந்த ஆண்டு என்று காட்டும் எழுத்து சுத்தமாக இல்லை. இனி இது எந்த ஆண்டு வேலை என்று யாரிடம் நிரூபிப்பேன்? உருக்கத்தான் லாயக்கு.

நீங்கள் நேரடியாகத் தலையிட்டால் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்றுதான் இன்னமும் நம்புகிறேன். பழுதுபார்க்க என்னிடமிருந்து நகையை வாங்கியபோது உங்கள் ஆட்கள் எடுத்த படங்களை அனுப்புங்கள். வெளியார் ஒருவரை வைத்து மதிப்பிட்டு, குறைந்த மதிப்பை ஈடுகட்டுங்கள். பதினான்கு நாளில் பதில் வராவிட்டால், 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தின்கீழ் கவுண்டி கோர்ட்டுக்குப் போவேன். வணிக முறைகேடுகளைக் கவனிக்கும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் துறைக்கும் புகார் போகும்.

கீறி மறுபடியும் சொரசொரப்பாக்கித் தருகிறோம் என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். தேய்த்தெடுத்த தங்கம் போனது போனதுதான்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்
(ரசீது நகல் இணைப்பில்)