செயலர் அறிக்கை: செம்பில் ஏறும் இரண்டு பச்சை

பொதுக்குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

தில்லி ஜன்பத் சாலையிலுள்ள தேசிய அருங்காட்சியகத்தின் சேகரிப்புகளில் இந்த ஆண்டு நம் படிப்பு வட்டம் உலோகப் படிமங்களை மட்டும் எடுத்துக்கொண்டது. 1947-48இல் லண்டன் கண்காட்சிக்குப் போன கலைப்பொருள்கள் திரும்பியதும் 1949 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய அருங்காட்சியகம் இது. இன்றைய கட்டடம் 1960 டிசம்பரில் திறக்கப்பட்டது.

மொகஞ்சதாரோ நடன மங்கையின் உயரம் 10.5 செ.மீ.தான். படத்தில் பார்த்துப் பழகியவர்கள் கண்ணாடிப் பேழையில் தேடத்தான் வேண்டும். மெழுகில் உருவம் வடித்து, மேலே மண் பூசி, சூடாக்கி மெழுகை வெளியேற்றி, அந்தக் கூட்டில் உலோகம் ஊற்றிய வார்ப்பு அது. சோழர் படிமங்களும் அதே முறையில் வந்தவையே.

அதிக நேரம் பிடித்தது, செம்பு கலந்த பழைய படிமங்களின் மேல் ஏறும் பச்சைப் படலம் பற்றிய விவாதம். "தேய்த்துப் பளபளப்பாக வைக்கக் கூடாதா?" என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் வருகிறது. கூடாது. கெட்டியாக, உலோகத்தோடு ஒட்டிக் கிடக்கும் பச்சை, பொருளைக் காக்கும் போர்வை. தொட்டால் உதிரும் வெளிர்பச்சைப் பொடிதான் ஆபத்து. அதற்கு வெண்கல நோய் என்று பெயர். மண்ணிலிருந்து ஏறிய குளோரைடு, செம்போடு சேர்ந்து உள்ளே பதுங்கியிருக்கும். ஈரமும் காற்றும் பட்டால் பொடியாகிறது, கூடவே ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பிறக்கிறது. அந்த அமிலம் மறுபடி செம்பைத் தின்னும். பொடியை மட்டும் துடைத்தால் சில வாரத்தில் அதே இடத்தில் திரும்ப வரும்.

ஆய்வுக்கூடத்தில் உருப்பெருக்கியின் கீழ் பொடியைச் சுரண்டி எடுத்து, செம்பு அரிப்பைத் தடுக்கும் பென்சோடிரையசோல் என்ற வேதிப்பொருளை ஆல்கஹாலில் 3% கலந்த கரைசலில் ஊறவைத்து, உலர்த்தி, அக்ரிலிக் மேற்பூச்சு இடுவார்கள். அதன் பிறகும் பேழைக்குள் ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்கு மேல் போகாதிருக்க வேண்டும். அதற்குத்தான் ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் மணிகள். நிறம் மாறினால் அது ஈரத்தால் நிரம்பிவிட்டது என்று பொருள். அடுப்பில் காயவைத்து மீண்டும் வைக்கலாம். யாரும் கவனிக்காமல் விட்டால் அது வெறும் மணல்.

வீட்டில் பழைய செப்புப் படிமம் வைத்திருப்போர் புளி, எலுமிச்சை போட்டுத் தேய்க்க வேண்டாம். அவற்றின் அமிலத்தால் காக்கும் போர்வையும் போய்விடும், நுண்செதுக்கலும் மழுங்கும். வெறுங்கையால் தூக்குவதும் வேண்டாம். வியர்வையில் இருப்பதும் குளோரைடுதான்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைப்பார். அடுத்த ஆண்டுக்கு நாணயக் கூடத்தை முன்மொழிகிறோம். ஆளுக்கொரு 10 மடங்கு லென்ஸ் கொண்டுவரவும். திங்கட்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. நாள் குறிக்கும்போது அதை மறக்க வேண்டாம்.

செயலர்