அடுப்பு மூலையையும் வரைபடத்தில் போடுங்கள்: வன்னிப் பிரதேச சபைகளுக்கும் வீட்டுத்திட்டத் தொழில்நுட்ப உத்தியோகத்தர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியோருக்கு,

வணக்கம். வீட்டு வரைபடங்களில் குசினி என்று ஒரு பெட்டி கீறியிருக்கும். கதவு, யன்னல் அளவெல்லாம் இருக்கும். அடுப்பு எந்த மூலையில் வரும், சுவரிலிருந்து எத்தனை அங்குலம் தள்ளி நிற்கும், அதற்கு மேலே கூரை என்ன சாமான் என்று ஒரு வரியும் இருக்காது. அத்திவாரம், சுவர், கூரை என்று கட்டம் கட்டமாகப் பார்த்து வீட்டுத்திட்டப் பணம் விடும்போதும் அடுப்பை யாரும் கேட்பதில்லை. புகை போக வழியில்லாத குசினிக்குள் யார் இருந்து சமைப்பது? பின் தாழ்வாரத்தோடு ஒட்டிக் கிடுகால் ஒரு கொட்டில் இறக்கி, அதற்குள் சமையல் நடக்கிறது. அங்கே பற்றினால் கல்வீட்டின் கூரைமரம் வரை நெருப்பு ஏறும்.

குளிர்நாடுகளில் வீட்டைச் சூடாக்கும் விறகு அடுப்புக்கு வகுத்த அளவுகள் இருக்கின்றன. அமெரிக்காவின் தேசிய தீப் பாதுகாப்புச் சங்கம் வெளியிட்ட என்.எப்.பி.ஏ. 211 தரவிதிப்படி, சோதித்துச் சான்று பெறாத அடுப்புக்கும் எரியக்கூடிய சுவருக்கும் இடையில் 36 அங்குலம் வேண்டும். அது மூடிய இரும்பு அடுப்புக்குச் சொன்னது. எங்கள் மூன்று கல் அடுப்பிலும் மண் அடுப்பிலும் சுவாலை வெளியே நிற்கிறது. ஆகவே கிடுகு, பனையோலை, பலகை, தறப்பாள் எதுவானாலும் மூன்றடியை ஆகக் குறைந்த அளவாகவே கொள்ள வேண்டும். சுவாலை தொட்டால்தான் பற்றும் என்ற எண்ணம் பிழையானது. நாள்தோறும் சூடு வாங்கும் மரமும் ஓலையும் மெல்ல மெல்லக் கருகி, புதிய மரம் பற்றும் வெப்பத்துக்கு வெகு கீழேயே பற்றக்கூடிய நிலைக்கு வந்துவிடும். பல வருடம் ஒன்றும் நடக்காத கொட்டில் ஒரு நாள் எரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சின்னக் கொட்டிலில் மூன்றடி விடுவது கடினம் என்பது தெரியும். அதற்குத்தான் தகரம் அடிக்கிறார்கள். பிழை நடப்பதும் அங்கேதான். தகரத்தைக் கிடுகோடு ஒட்ட வைத்து ஆணி அடித்தால் அது சூடாகி, அந்தச் சூட்டை அப்படியே பின்னால் கடத்தும். முன்னால் பார்க்கத் தகரம் பளபளக்கும். அதைக் கழற்றிப் பார்த்தால் பின்னால் ஓலை கோப்பித்தூள் நிறத்தில், கைபட்டதும் உதிரும். தகரத்துக்கும் சுவருக்கும் இடையில் ஓர் அங்குல இடைவெளி விட வேண்டும். கீழ்விளிம்பு நிலத்திலிருந்து ஓர் அங்குலம் தூக்கி நிற்க வேண்டும், மேல்விளிம்பும் திறந்திருக்க வேண்டும். அப்போதுதான் கீழால் குளிர்ந்த காற்று புகுந்து சூட்டை மேலால் இழுத்துக்கொண்டு போகும். இடைவெளிக்கு மரச் சட்டம் வைக்க வேண்டாம். இரும்புக் குழாயை ஓர் அங்குலத் துண்டுகளாக வெட்டி, அவற்றினூடாக ஆணியை விட்டு, அடுப்புக்கு நேர் பின்னால் வராமல் ஓரங்களில் அடியுங்கள். இப்படிச் செய்த 24 கேஜ் தடிப்புத் தகரம் 36 அங்குலத்தை 12 அங்குலமாகக் குறைக்க அந்தத் தரவிதி இடம் கொடுக்கிறது. திறந்த சுவாலைக்கு 18 அங்குலம் விடுவதே எங்கள் அபிப்பிராயம். அடுப்பின் எந்த விளிம்பிலிருந்து அளந்தாலும் தகரம் மறைக்காத ஓலை மூன்றடிக்கு அப்பால் இருக்கும்படி அகலமும் உயரமும் எடுங்கள்.

நாலங்குலக் கல் வைத்துக் கட்டிய சுவரை இடைவெளி இல்லாமல் கிடுகோடு ஒட்டி எழுப்பினால் 24 அங்குலம் வரைதான் குறைக்கலாம். கல் எரியாதுதான், ஆனால் சூட்டைக் கடத்தும்.

உடைந்த வீடுகளில் எடுத்த அஸ்பெஸ்ரஸ் சீற்றுத் துண்டை அடுப்புக்குப் பின்னால் நிறுத்தும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லுங்கள். சூடேறினால் அது வெடித்துச் சிதறும். உடையும்போது வரும் நார்த்தூசு நுரையீரலுக்குக் கேடு.

கல்வீட்டுக் குசினிக்குள் அடுப்பு வைத்தால் சுவர் பற்றாது, ஆனால் சீமெந்துப் பூச்சு வெடித்துக் கழரும். அடுப்புப் பக்கம் உமி கலந்த புற்றுமண் பூச்சு நன்றாக நிற்கும். அந்தச் சுவரில் வயர் ஓட விடவே கூடாது. சாதாரண பி.வி.சி. வயர் 70 பாகை செல்சியசுக்கு மேல் தாங்க ஏற்றதல்ல. சுவரின் மறுபக்கத்தில் நெல்மூட்டையோ கட்டிலோ இருக்கிறதா என்பதையும் போய்ப் பாருங்கள். நீண்ட நேரம் எரிந்த அடுப்புக்குப் பின்னால் சுவரில் உள்ளங்கையை வைத்து ஐந்து விநாடி பொறுக்க முடியாவிட்டால் அந்த இடைவெளி போதாது.

மேலே பார்ப்போம். காய்ந்த தென்னோலை, பன்னாடை எரித்தால் பொறி பறக்கும். அடுப்புக்கு நேர் மேலே கிடுகு வேண்டாம். அந்தப் பகுதிக்கு மட்டுமாவது தகரக் கூரை போடலாம். மாரியில் விறகு உலர்த்த அடுப்புக்கு மேலே கட்டும் பரண் அடியோடு வேண்டாம். ஒற்றைத் தகரப் புகைக்குழாய்க்கும் எரியும் பொருளுக்கும் இடையில் சுற்றிவர 18 அங்குலம் வேண்டும். ஓலைக் கூரையில் குழாய் அளவுக்கு ஓட்டை போட்டு நுழைப்பது நெருப்பை அழைப்பதுதான். குழாயின் வாய் கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து 3 அடியும், 10 அடிச் சுற்றுக்குள் உள்ள எதையும் விட 2 அடியும் உயர வேண்டும். ஈர விறகு எரித்தால் குழாயின் உட்புறம் தார் படியும். அதைச் சுரண்டாமல் விட்டால் குழாய்க்குள்ளேயே நெருப்புப் பிடிக்கும்.

அடுப்பு வாய்க்கு முன்னால் 18 அங்குலம் வெறுந்தரை விடுங்கள். நீட்டி வைத்த விறகு நடுவில் எரிந்து முறிந்து, தணலோடு விழுவது அங்கேதான். காஸ் அடுப்பும் விறகடுப்பும் ஒரே குசினியில் இருந்தால் சிலிண்டரை வெளியே வையுங்கள். கசியும் வாயு காற்றை விடக் கனமானது; தரையோடு ஊர்ந்து தணலுக்குப் போகும். நெல் அவிக்கும் கிடாரத்துக்கு முற்றம்தான் சரி, ஆனால் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் ஓலைக் கூரைக்குக் காற்றுமுகப் பக்கத்தில் மூட்டக் கூடாது.

வன்னிக்கே உரிய இன்னொன்று. 2009 வரை யுத்தம் நடந்த மண்ணில் கண்ணிவெடி அகற்றிய உறுதி இல்லாத இடத்தில் புதிய அடுப்புப் பள்ளம் தோண்டவும், நெருப்பு மூட்டவும், புற்றுமண் வெட்டவும் கூடாது. புதைந்த வெடிபொருள் சூட்டில் வெடிக்கும். மேசனும் வீட்டுக்காரரும் வேலை தொடங்க முன்னர் இதை நீங்கள் சொல்லியே ஆக வேண்டும்.

நாங்கள் கேட்பவை அதிகமில்லை. அனுமதிக்கு வரும் ஒவ்வொரு வரைபடத்திலும் அடுப்பு மூலை, புகைபோக்கி, மேற்கூரைச் சாமான், சுவர்த் தூரம் நான்கும் குறிக்கப்பட வேண்டும். கூரைக் கட்டப் பணத்தை விடுவிக்கும் நாளில் உத்தியோகத்தர் அளவுநாடாவை அடுப்பு மூலையிலும் பிடிக்க வேண்டும். கொட்டிலில் சமைப்போருக்கு ஒரு 24 கேஜ் தகரமும் குழாய்த் துண்டுகளும் வீட்டுத்திட்டச் செலவிலேயே சேர வேண்டும். மேலே சொன்ன அளவுகளை ஒரு பக்கப் படமாக வரைந்து கேட்கும் சபைக்குத் தர நாங்கள் ஆயத்தம்.

இப்படிக்கு,
வன்னியில் வீடும் அடுப்பும் கட்டும் மேசன் தொழிலாளர்