போர்க்காலக் கதைகளின் பெண்கள்: நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பில் நடைபெறும் சிறுகதைப் போட்டிகளுக்கு நடுவர்களாக இருக்கும் பெரியோர்களுக்கு,

வணக்கம். 2009 மே மாதத்தில் போர் முடிந்த பின்னர் பரிசு பெற்று நான் வாசித்த போர்க்காலக் கதைகள் பலவற்றில், பெண்ணுக்கு எல்லாம் நேர்கின்றன. அவளாக எதையும் தீர்மானிப்பதில்லை. அவள் மகனைத் தேடுகிறாள், ஷெல்லடியில் கணவனை இழக்கிறாள், அல்லது துவக்கோடு வீரச்சாவடைகிறாள். அவள் முடிவெடுக்க வேண்டிய இடம் வந்ததும் கதாசிரியர் மழையை வர்ணிக்கத் தொடங்கிவிடுகிறார்.

வன்னியில், இறுதிப் போருக்கு முந்திய காலத்தில், புலிகள் இயக்கத்தின் கட்டாய ஆட்சேர்ப்புக்கு அஞ்சி, மணமானால் விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கையில், சின்ன வயதிலேயே பிள்ளைகளுக்கு அவசரக் கல்யாணம் செய்துவைத்த குடும்பங்கள் பல. இதைக் கதையாக்குபவர்கள் தகப்பனின் தவிப்பைப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அந்தப் பெண்பிள்ளை சம்மதித்தாளா, இதைவிட இயக்கத்துக்கே போகலாம் என்று எண்ணினாளா, மாப்பிள்ளையைத் தானே காட்டினாளா, போர் முடிந்து கல்யாணத்துக்கான காரணமே இல்லாமற்போன பிறகு அந்த வாழ்க்கையை என்ன செய்தாள் என்பவையெல்லாம் எழுதப்படாமலே கிடக்கின்றன.

நம் கொழும்பிலும் கதைகள் உண்டு. பொலிஸ் பதிவோடு வெள்ளவத்தை லொட்ஜுகளில் வெளிநாட்டுப் பயணத்துக்காகக் காத்திருந்தவர்களில், படத்தில் மட்டும் பார்த்த மாப்பிள்ளைக்குச் சம்மதம் சொன்ன பெண்களும் இருந்தார்கள். 2007 ஜூன் 7ஆம் திகதி பொலிஸார் லொட்ஜுகளிலிருந்து தமிழர்களைப் பஸ்களில் ஏற்றி வெளியேற்றியதை எழுதுபவர்கள்கூட, அப்படி ஒருத்தி என்ன கணக்குப் போட்டு அந்தச் சம்மதத்தைச் சொன்னாள் என்று கேட்பதில்லை.

அரசும் இயக்கமும் குடும்பமும் நெருக்கியபோது தெரிவுக்கு எங்கே இடமிருந்தது என்று நீங்கள் கேட்கலாம். இடம் மிகக் குறுகியதுதான். ஆயினும் மகனைப் பதுங்குகுழியில் ஒளிப்பதா, தாலிக்கொடியை விற்று, வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்குக் கட்டுவதா என்ற முடிவுகளை அந்தக் குறுகிய இடத்தில் நின்றுதான் பெண்கள் எடுத்தார்கள். நெருக்கடியை மறைத்து எல்லோரையும் துணிச்சல்காரிகளாக்குவது இன்னொரு பொய். 1986இலேயே ‘சொல்லாத சேதிகள்’ தொகுப்பில் ஈழத்துப் பெண்கள் தம் குரலில் கவிதை எழுதியிருக்க, நம் சிறுகதை இன்னும் அவர்களுக்காக ஒப்பாரி வைத்துக்கொண்டிருப்பதை என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

ஆகவே, பெண் பாத்திரத்தின் முடிவு கதையின் போக்கை மாற்றுகிறதா என்றும் பார்த்துப் புள்ளியிடுங்கள். கணவன் காணாமற்போனோர் பட்டியலில் இருக்கையிலேயே மறுமணம் செய்பவளையும், முன்னாள் போராளிகளுக்கான புனர்வாழ்வு முடிந்து வந்தும் தன் கடந்தகாலத்துக்கு வருந்தாதவளையும் எழுதியதற்காகப் புள்ளியைக் குறைக்காதீர்கள். முள்ளிவாய்க்கால் வரை சென்று மீண்ட பெண்ணொருவரையாவது நடுவர் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். கிளிநொச்சியிலிருந்து அவர் வந்துபோகும் செலவு, விழா மேடையின் பொன்னாடைச் செலவை விஞ்சிவிடாது.

இவ்வண்ணம்,
கொழும்பு வாசகி ஒருத்தி