பழைய மோட்டார்தானே?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை பேராக் மாநிலச் செய்திப் பக்கத்தில் ஒரு துண்டுச் செய்தி போட்டிருந்தீர்கள். "காணாமல் போனது பழைய மோட்டார் சைக்கிள் என்பதால் பெரிய இழப்பு இல்லை" என்று முடித்திருந்தார் உங்கள் நிருபர். அந்தப் பழைய மோட்டாருக்குச் சொந்தக்காரன் நான்தான். இழப்பு பெரிதா சிறிதா என்று அவர் யாரிடம் கேட்டாரோ, என்னிடம் கேட்கவில்லை.

சீட் கிழிந்து, சைக்கிள் டியூப் சுற்றிக் கட்டிய கப்சாய், சின்ன மோட்டார் சைக்கிள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் விடியற்காலையில் என் மகன் செம்பனைக் குலை வெட்டப் போவதும் அதில்தான், பேத்தி தமிழ்ப்பள்ளிக்குப் போவதும் அதில்தான். சங்கிலியை அறுத்துக் கால்வாயில் போட்டுவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். போலீஸ் நிலையத்தில் ரிப்போர்ட் எழுதிய மலாய்க்காரத் தம்பி, பழைய வண்டிதானே என்று சிரிக்கவில்லை. "இது 379ஏ, பாக்சிக்" என்று மலாயில் மாமா முறை வைத்துச் சொல்லிவிட்டு டைப் அடித்தார், அவ்வளவுதான்.

உங்களுக்குத் தெரியாத சட்டமா ஐயா? சாதாரணத் திருட்டுக்கு மலேசியக் குற்றவியல் சட்டம் 379-வது பிரிவு, 7 ஆண்டு வரை சிறை, இல்லாவிட்டால் அபராதத்தோடும் போகலாம். மோட்டார் வண்டி என்றால் 379ஏ, குறைந்தது 1 ஆண்டு உள்ளே இருந்தே ஆகவேண்டும். வண்டி புதிதா பழையதா என்று அந்தப் பிரிவு பார்க்கவில்லை. வீடு, கடை மாதிரிக் கட்டடத்துக்குள் திருடினால் 380, 10 ஆண்டு வரை. அதே மோட்டாரை என்னை அடித்துப் பிடுங்கியிருந்தால் அது கொள்ளை, அதற்கும் 10 ஆண்டு வரை, பொழுது சாய்ந்து விடிவதற்குள் என்றால் 14. இரண்டு பேர் சேர்ந்து வந்திருந்தால் 20 ஆண்டும் பிரம்படியும் கிடைக்கலாம். எப்படி எடுத்தான், எங்கே எடுத்தான், எதை எடுத்தான், யாரை மிரட்டினான் என்றெல்லாம் சட்டம் கேட்கிறது. எத்தனை வெள்ளி பெறும் என்று கணக்குப் பார்ப்பது உங்கள் பத்திரிகைதான்.

அதுவும் ஆளைப் பார்த்து. தோட்டத்துப் பையன் ஒருவன் கடையில் பால்மாவு டின் எடுத்து மாட்டிக்கொண்டபோது விலங்கோடு படம் போட்டீர்கள், முகம் பளிச்சென்று தெரிந்தது. எங்கள் பழைய தோட்டத்தில் தொழிலாளிகள் மாதாமாதம் கட்டிய பணத்தைக் கணக்கு எழுதிய ஆளே சாப்பிட்டபோது அவர் "பிரமுகர்" ஆகிவிட்டார், பெயர்கூட இல்லை. அவர்மேல் வந்தது 408, வேலைக்கு வைத்த ஆள் செய்யும் நம்பிக்கை மோசடி, 1 ஆண்டிலிருந்து 14 ஆண்டு வரை சிறை, பிரம்படி, அபராதமும் உண்டு. பால்மாவு எடுத்தவன்மேல் 379 போட்டால் உச்சமே 7! நான் அப்போது தொழிற்சங்கக் கிளையில் செயலாளர், கோர்ட்டுக்கு ஆட்களோடு போய் உட்கார்ந்து பார்த்தவன். அதைப் பற்றி எழுதிய கடிதத்தை நீங்கள் போடவில்லை. இடம் இல்லையாம். அன்றைக்கு அரைப் பக்கம் நகைக்கடை விளம்பரம் இருந்தது, சரி, அதுவும் வேண்டும்தானே.

திருடனை விடுங்கள், வாங்குகிறவன் இருக்கிறானே. ஆள் காலி செய்துவிட்டுப் போன தோட்டத்து லயத்து வீடுகளில் தண்ணீர்க் குழாய், ஜன்னல் கம்பி எல்லாம் போய்விட்டது. எல்லாம் எந்த இரும்புக் கடைக்குப் போகிறது என்று ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கினால் 411, 5 ஆண்டு வரை. வண்டி என்றால் அதற்கும் குறைந்தது 6 மாதம். இதை ஒரு தடவையாவது எழுதியிருக்கிறீர்களா?

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. இனிமேல் திருட்டுச் செய்தி போட்டால், எந்தப் பிரிவில் விசாரிக்கிறார்கள் என்று ஒரு வரி சேர்த்துப் போடச் சொல்லுங்கள். அப்புறம், அந்தச் செய்தியில் எங்கள் தாமான் (குடியிருப்பு) பெயரையும் தப்பாகப் போட்டிருக்கிறீர்கள், பக்கத்துத் தாமான்காரர்கள் வேறு கோபமாக இருக்கிறார்கள். அதையாவது திருத்திப் போடுங்கள்.

இப்படிக்கு,
பழைய மோட்டாரின் சொந்தக்காரன்,
சுங்கை சிப்புட்.