என் மகனோடு நடந்தவர்களுக்கு

கர்த்தருக்குள் அன்பான ஐயாமாருக்கும் அண்ணன்மாருக்கும் வாலிபத் தம்பிமாருக்கும்,

ஸ்தோத்திரம். பையன்களை மலையேறக் கூட்டிப்போகிற உங்களை ஆராதனை முடிந்ததும் வாசலில் பார்த்து நாலு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று மூன்று ஞாயிறாக நினைக்கிறேன். ஒவ்வொரு முறையும் தொண்டை அடைத்துக்கொள்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். சபையார் எல்லோரும் இதைப் படிக்கட்டும்.

என் கணவர் இறந்தபோது மகனுக்கு 10 வயது. அடுத்த இரண்டு வருடத்தில் அவன் பேச்சே குறைந்துபோனது. ஞாயிறு பள்ளிக்கு வரமாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டான். நானும் அதட்டினேன், கெஞ்சினேன், அழுது ஜெபித்தேன். அப்போதுதான் உங்களில் மூத்தவரான ஐயா வீட்டுக்கு வந்தார். அவனுக்கு அறிவுரையும் சொல்லவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. "சனிக்கிழமை மலையேறப் போகிறோம். கயிறு தூக்க ஒரு ஆள் குறைகிறது, வருகிறாயா?" என்றார். அப்பா இல்லாத பிள்ளை என்று எல்லோரும் பரிதாபமாகப் பார்த்த பையனை 'ஆள்' என்று கூப்பிட்டது நீங்கள்தான், ஐயா. அவன் போனான்.

ஒரு தாயாக முதலில் சொல்லவேண்டிய நன்றி ஒன்று உண்டு. எந்தப் பையனோடும் பெரியவர் ஒருவர் தனியாக இருக்கக்கூடாது, எப்போதும் இரண்டு பேராவது கூட இருக்கவேண்டும் என்ற விதியை முதல் நாளே என்னிடம் சொன்னீர்கள். கூடாரத்தில் யார் யார் எங்கே படுப்பார்கள் என்பதுவரை சொன்னீர்கள். கேட்கத் தயங்கிக்கொண்டிருந்ததை நான் கேட்கும் முன்பே நீங்கள் சொன்னதால்தான் அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்த மழை இரவைப் பற்றி அவன் நாலு முறை சொல்லிவிட்டான். எல்லோரும் தொப்பலாக நனைந்து நிற்கிறீர்கள். தீ மூட்டும் பொறுப்பு அவனுடையது. தரையில் கிடக்கும் ஈர விறகு வேண்டாம், நின்றபடியே பட்டுப்போன மரத்தில் ஒடித்து வா என்கிறார் ஐயா. மேலே நனைந்திருந்தாலும் பிளந்தால் உள்ளே காய்ந்துதான் இருக்கும். அந்த உள்கட்டையைக் கத்தியால் சீவ வேண்டும், ஆனால் சீவல் அறுந்து விழாமல் கம்பிலேயே சுருள் சுருளாக நிற்கவேண்டும். அப்போதுதான் தீ சட்டென்று பற்றும். அவன் மூன்று தடவை ஏற்றி மூன்று தடவையும் அணைந்துவிட்டது. இருந்தும் ஒருவர்கூட அவன் கையிலிருந்து தீப்பெட்டியை வாங்கவில்லை. "கொடு, நான் பண்ணுகிறேன்" என்று யாரும் சொல்லவில்லை. குளிரில் நடுங்கிக்கொண்டு அத்தனை பேரும் காத்திருந்தீர்கள். நாலாவது தடவை பற்றியது. வீட்டில் அவன் கையிலிருந்து எத்தனை வேலைகளைப் பிடுங்கிச் செய்திருக்கிறேன் என்று அதைக் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது.

உங்களில் ஒரே வயதுக்காரர்கள் மட்டும் இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று நினைக்கிறேன். கல்லூரியில் படிக்கும் தம்பிமாரை அவன் அப்படியே காப்பியடிக்கிறான். நடையைக்கூட. சப்தரிஷி மண்டலத்தில் வால் இல்லாத பக்கத்து ஓரத்து இரண்டு நட்சத்திரங்களைக் கோடாக நீட்டி, அந்த இடைவெளியைப்போல் 5 மடங்கு தள்ளிப் போனால் துருவ நட்சத்திரம் என்று அவர்கள் சொல்லிக் கொடுத்ததை மொட்டைமாடியில் எனக்கும் காட்டினான். வேலை, குடும்பம், கடன் எல்லாவற்றுக்கும் நடுவில் சனிக்கிழமையைத் தூக்கிக் கொடுத்த அண்ணன்மாரைப் பார்த்து, பெரியவன் ஆவதென்றால் இதுதான் என்று தெரிந்துகொள்கிறான். மற்ற யாரிடமும் கேட்காததை ஐயாவிடம் கேட்கிறான். சாவைப் பற்றி, பரலோகத்தைப் பற்றி, அப்பாவைப் பற்றி. தேவனுடைய வார்த்தைகளை வழியில் நடக்கிறபோதும் பிள்ளைகளிடம் பேசு என்று வேதத்தில் உபாகமம் சொல்கிறதே, அதை நீங்கள் நிஜமாகவே நடந்துகொண்டே செய்தீர்கள்.

ஞாயிறு பள்ளியில் அடங்காத பையன்களைப் பார்த்துத்தான் வில்லியம் அலெக்சாண்டர் ஸ்மித் 1883இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் பாய்ஸ் பிரிகேட் என்ற கிறிஸ்தவச் சிறுவர் இயக்கத்தைத் தொடங்கினார் என்று ஐயா சொன்னார். அவரும் ஞாயிறு பள்ளி ஆசிரியர்தானாம். அதைக் கேட்டபோது, கதவைச் சாத்திக்கொண்ட என் பையனைப் போல எத்தனை பையன்கள் அன்றும் இருந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்றையும் சொல்லாமல் முடிக்க முடியாது. போன பயணத்தில் பாதை பிரியும் இடத்தில் ஒரு அண்ணன் தவறான பக்கம் கூட்டிப் போய், ஒன்றரை மணி நேரம் வீணானது. வரைபடத்தை அவர் மடித்து வைத்துவிட்டுப் பையன்கள் எல்லோர் முன்னும், "நான்தான் தப்பாகப் பார்த்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள்" என்றாராம். பெரியவர்கள் பையன்களிடம் மன்னிப்புக் கேட்பார்களா என்று வியந்துபோய் என்னிடம் கேட்டான். அதற்கடுத்த வாரம் என்னிடம் கத்திவிட்டு வெளியே போனவன், கால்மணி நேரத்தில் திரும்பி வந்து, "அம்மா, தப்பு என்னுடையது" என்றான். அண்ணா, அது உங்களால் வந்தது. உங்களுக்கு அது தெரியவேண்டும்.

ஐயா, அந்த மழையில் நீங்கள் அவனுக்குப் போட்டுவிட்ட மழைக்கோட்டைத் துவைத்து உலர்த்தி வைத்திருக்கிறேன். ஒரு பொத்தான் அறுந்திருந்தது, தைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நானே கொண்டுவந்து தருகிறேன் என்றேன், அவன் விடவில்லை. சனிக்கிழமை காலையில் அவனே கொண்டு வருவான். கயிற்றையும் அவனே தூக்கிக்கொள்வானாம்.

நன்றியுடனும் ஜெபத்துடனும்,
அவன் அம்மா